சங்கத் தேர்தலை யார் நடத்துவது?

வரும் தை மாதப் பொதுக்குழுவில் எங்கள் நலச் சங்கம் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுத் தேர்தலை யார் பொறுப்பில் விடுவது என்பதுதான் அது. இதுவரை ஐந்து யோசனைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வாதாட ஆள் இருக்கிறார்கள். நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆனால் மற்ற நாலையும் தள்ளிவிட்டுச் சாயவில்லை, எடை போட்டுப் பார்த்துத்தான் சாய்ந்திருக்கிறேன். அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். மதுரையில் இருக்கும் மற்ற நகர்களின் சங்கத்தாருக்கும் இது உதவக் கூடும்.

நத்தம் சாலையில் ஐயர் பங்களா பக்கம் எங்கள் நகர். முன்னூற்றுச் சொச்சம் வீடுகள், கொஞ்சம் காலி மனைகள், ஒரு பூங்கா, அதற்குள் ஒரு மோட்டார் அறை, வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார். சங்கம் என்று ஒன்று இருப்பதால்தான் தெருவிளக்கு எரிகிறது, பூங்காவுக்குத் தண்ணீர் வருகிறது, பாதாளச் சாக்கடை அடைத்தால் பேச ஒரு லெட்டர்பேடு இருக்கிறது. சின்ன அமைப்புதான். ஆனால் அது உடைந்தால் என்ன ஆகும் என்று போன முறை பார்த்துவிட்டோம்.

போன தேர்தலுக்கான அறிவிப்பை மோட்டார் அறைச் சுவரில் ஒட்டினார்கள். ஓட்டுப்பதிவுக்கு நாலு நாள்தான் இருந்தது. அந்த நாளோ சித்திரைத் திருவிழாவின் எதிர்சேவை நாள். அழகர் மூன்றுமாவடிக்கு வந்து சேர்கிற அன்றைக்கு இந்தப் பக்கத்து ஜனம் வீட்டிலா இருக்கும்? உறுப்பினர் பட்டியலை வைத்திருந்தவர் செயலாளர். அவரே மறுபடியும் செயலாளர் பதவிக்கு நின்றார். ஓட்டுக்கு முந்தின சாயங்காலம் நாற்பது பேருடைய சந்தா பாக்கி ஒரே கையால் கட்டப்பட்டது. கையில் ரசீது வைத்திருந்த இன்னொரு முப்பது பேருக்குப் பட்டியலில் பெயர் இல்லை. ஓட்டு எண்ணியது ஒரு வேட்பாளர் வீட்டுத் திண்ணையில்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. இரண்டு கோஷ்டி, இரண்டு தலைவர், இரண்டு முத்திரை. புதிய நிர்வாகிகள் பட்டியல் என்று இரண்டு பேரும் ஏழாம் எண் படிவத்தைத் தனித்தனியாகப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தார்கள். எந்தக் கையெழுத்தை ஏற்பது என்று தெரியாமல் வங்கி கணக்கை நிறுத்தி வைத்தது. அந்த நேரம் பார்த்துப் பூங்கா போர்வெல் மோட்டார் கருகிவிட்டது. கணக்கில் பணம் இருந்தும் எடுக்க ஆள் இல்லை. நாலு மாதம் மரங்களுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றினோம்.

நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 1996 உள்ளாட்சித் தேர்தலில் தொடங்கி, உசிலம்பட்டி, மேலூர், தே.கல்லுப்பட்டி என்று மாவட்டத்தின் பல மூலைகளில் தேர்தல் வேலை பார்த்திருக்கிறேன். முந்தின நாள் மத்தியானம் ஒன்றிய அலுவலகத்தில் சாமான்களை வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினால், இருட்டுகிற நேரத்துக்கு ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கி விடுவார்கள். காலையில் ஏஜெண்டுகள் முன்னால் காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, அப்புறம் மூடி, முத்திரை வைப்போம். கிராமத்தில் ஒருவருக்கு நாலு ஓட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒரு சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பாடம் ஒன்று உண்டு. ஓட்டுப்பதிவு நாளில் தப்பு நடப்பது கடினம். அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். தப்பு நடந்தால் அதற்கு முந்தின மாதங்களிலேயே நடந்து முடிந்திருக்கும்.

எங்கள் நகரில் பலர் இந்தியத் தேர்தல் ஆணையம்தான் எல்லாத் தேர்தலையும் நடத்துகிறது என்று நினைக்கிறார்கள். அது மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாம் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்களால் பிறந்த அமைப்பு அது. டெல்லி ஆணையத்தில் மூன்று பேர். இங்கே ஒரே ஒரு ஆணையர். ஆளுநர் நியமிப்பார். ஆனால் நியமித்தபின் நினைத்தபடி தூக்கிவிட முடியாது. உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு என்ன வழியோ அதே வழியில்தான் அவரை நீக்க முடியும் என்று 243கே பிரிவு சொல்கிறது. சம்பளம், சலுகைகளையும் அவருக்குப் பாதகமாக இடையில் மாற்றக் கூடாது.

இவ்வளவு பலமான ஆணையருக்குக் கீழே தேர்தல் வேலைக்கென்று தனிப் பட்டாளம் ஒன்றும் கிடையாது. மாவட்டத்தில் ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். மாநகராட்சித் தேர்தல் வேலையை மாநகராட்சி ஆணையர் பார்ப்பார். கிராமப்புறத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகம்தான் மையம். சாவடியில் என்னைப் போன்ற ஆசிரியர்கள். தேர்தல் முடிந்த மறுநாள் நான் கரும்பலகைக்குத் திரும்பிவிடுவேன், ஆட்சியர் மனு வாங்கப் போய்விடுவார். வாக்காளர் பட்டியல்கூட ஆணையம் தானாக எழுதுவது அல்ல. சட்டமன்றத் தேர்தலுக்காகத் தயாராகும் பட்டியலை எடுத்து, வார்டு வாரியாகப் பிரித்துப் பயன்படுத்துகிறது. பட்டியல் போடுபவர் ஒருவர், ஓட்டு நடத்துபவர் இன்னொருவர். இந்தப் பிரிவினை எங்கள் விஷயத்தில் எவ்வளவு முக்கியம் என்று போகப் போகச் சொல்கிறேன்.

இனி ஐந்து யோசனைகளுக்கு வருகிறேன்.

முதல் யோசனை, பேசி முடித்துவிடுவது. பொதுக்குழுவில் பெயர்களை வாசிப்பார்கள், கை தூக்குவார்கள், கைதட்டல், டீ, வடை. "டீச்சர், நமக்குள்ள எதுக்கு ஓட்டுப்பெட்டி எல்லாம்? பேசி முடிச்சிரலாம்" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி என்னிடமே கேட்டார். நல்ல மனசோடு கேட்டார். செலவு இல்லை, நேரம் மிச்சம், முகத்தில் விழிக்கச் சங்கடம் இல்லை. முப்பது, நாற்பது வீடு இருக்கும் இடத்துக்கு இதுவே போதும் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் முன்னூறு வீட்டுக்கு இது ஆகாது. சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராகப் பொதுவில் கை தூக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? கை தூக்காத பெண்களையும் வாடகைக்கு இருப்பவர்களையும் சம்மதித்தவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவோம். 'போட்டியின்றி' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உசிலம்பட்டிப் பக்கம்தான் நினைவுக்கு வரும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சமூகத்தாருக்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் பத்து வருஷம் அறிவிக்கை வருவதும் போவதுமாக இருந்தது. சில தடவை யாரும் மனுவே போடவில்லை. சில தடவை ஊர் நிறுத்திய ஒருவர் தேர்வாகி, வந்த கையோடு ராஜினாமா செய்தார். 2006 அக்டோபரில்தான் அங்கே உண்மையான தேர்தல் நடந்தது. அப்போதைய ஆட்சியர் உதயச்சந்திரன் அந்த ஊர் மக்களோடு திரும்பத் திரும்ப உட்கார்ந்து பேசியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அந்த ஊர்களின் வலியை எங்கள் மோட்டார் அறைச் சண்டையோடு ஒப்பிட மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஊரே ஒப்புக்கொண்டது என்று சொல்லும்போது, யார் வாயைத் திறக்கவில்லை என்று பார்க்க வேண்டும். ரகசிய ஓட்டு அவர்களுக்காகத்தான் இருக்கிறது.

இரண்டாவது யோசனை, நகரிலேயே மூன்று பெரியவர்களைத் தேர்தல் குழுவாகப் போடுவது. ஒரு ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், ஒரு டாக்டர், ஒரு பழைய தலைமையாசிரியர் என்று பெயர்கள்கூட அடிபடுகின்றன. மூவரும் மரியாதைக்குரியவர்கள். இந்த வழிக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை நான் சாவடியில் நேரில் கண்டிருக்கிறேன். முகம் தெரிந்தவர் உட்கார்ந்திருந்தால் அடுத்தவர் பெயரில் ஓட்டுப் போட யாரும் வர மாட்டார்கள். எனக்குத் தெரியாத ஊரில் நான் பட்டியலைப் பார்த்துப் பெயரை உரக்க வாசிப்பேன். ஆள் அவர்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏஜெண்டுகள்தான் தலையாட்டுவார்கள், அல்லது ஆட்சேபிப்பார்கள்.

குறை என்னவென்றால், இந்த மூவரையும் நியமிப்பது வெளியேறப் போகும் நிர்வாகக் குழு. நியமிப்பது தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்னால். அதற்குள் பட்டியல் தயார், தேதி தயார், சந்தா கெடுவும் முடிந்துபோயிருக்கும். அவர்கள் கையில் கிடைப்பது ஒரு பெட்டியும் ஒரு கட்டுச் சீட்டும்தான். போன முறையும் இப்படி இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பெட்டி சுத்தமாகத்தான் இருந்தது. பட்டியல்தான் சுத்தமாக இல்லை. கடைசியில் ஊர்ச் சொல் முழுக்க அந்த இருவர் தலையில் விழுந்தது. அதில் ஒருவர் அதற்குப் பிறகு மாலை நடைக்குப் பூங்காப் பக்கமே வருவதில்லை.

மூன்றாவது, வெளியாளைக் கொண்டுவருவது. ஓய்வு பெற்ற தாசில்தார், வழக்கறிஞர் அல்லது வேறு நகரின் சங்க நிர்வாகி ஒருவரைத் தேர்தல் அலுவலராக நியமிப்பது. விசாரித்துப் பார்த்தோம். ஓய்வு பெற்ற வருவாய்த்துறை அலுவலர் ஒருவர், இரண்டு உதவியாளர்களோடு வந்து வேட்புமனு வாங்குவதிலிருந்து முடிவு அறிவிப்பது வரை செய்து கொடுக்க 8,000 ரூபாய் கேட்டார். எங்கள் சங்கத்துக்கு அது பெரிய தொகை அல்ல. கருகிய மோட்டாருக்கு அதைவிட அதிகம் செலவாயிற்று.

இவர் யாருக்கும் மாமன் மச்சான் இல்லை. யார் வீட்டு விசேஷத்திலும் பந்தியில் உட்கார்ந்தவர் இல்லை. மனுவில் கையெழுத்து இல்லை என்றால் தயவு தாட்சண்யம் இல்லாமல் தள்ளிவிடுவார். உள்ளூர்ப் பெரியவரால் அப்படித் தள்ள முடியாது, "சரி சரி, இப்பப் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிடுவார். ஒரு வேட்பாளருக்குச் சொல்லிவிட்டு இன்னொருவருக்குச் சொல்ல மறந்துவிடுவார். அங்கிருந்துதான் தகராறு ஆரம்பிக்கும். ஓட்டு நாளுக்கும் எண்ணிக்கைக்கும் வெளியாளை விடச் சிறந்த வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அவரும் வந்து கேட்கப் போகும் முதல் கேள்வி, "உறுப்பினர் பட்டியல் எங்கே சார்?" என்பதுதான். கொடுத்த பட்டியலை வைத்து நடத்திவிட்டுப் போய்விடுவார். வருஷம் முழுவதும் இங்கே இருந்து யார் வீடு விற்றார், யார் வாங்கினார், யார் சந்தா கட்டினார் என்று பார்க்க அவரால் முடியாது.

நான்காவது யோசனையை நகரின் கோபக்கார இளைஞர்கள் சொல்கிறார்கள். மாவட்டப் பதிவாளரிடம் மனுக் கொடுப்போம், அல்லது ஒத்தக்கடை பக்கம் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது, போய் வழக்குப் போடுவோம் என்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். எங்களைப் போன்ற சங்கங்கள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் வருகின்றன. (அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு 2022இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது, அவர்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.) 1975 சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷத்தைத் தாண்டக் கூடாது. சங்கத்தின் நடப்பு பற்றிப் பதிவாளர் 36ஆவது பிரிவின்படி விசாரணை நடத்தலாம். ஆனால் நடந்த தேர்தல் செல்லுமா, செல்லாதா என்று தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் அல்ல அவர் அலுவலகம். இரண்டு கோஷ்டியும் சண்டை என்று போய் நின்றால், சிவில் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்பதுதான் கடைசியில் கிடைக்கும் பதில்.

நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரையோ வழக்கறிஞரையோ தேர்தல் நடத்த நியமிப்பது உண்டு. பெரிய சங்கங்கள், கல்வி அறக்கட்டளைகள் பலவற்றில் அப்படி நடந்திருக்கிறது. அந்தத் தேர்தலை யாரும் எளிதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்கான கட்டணமும் செலவும் சங்கத்தின் தலையில்தான் விழும். வக்கீல் செலவு தனி. வழக்கு முடிகிற வரை யார் மோட்டார் பில்லைக் கட்டுவது? கை மீறிப்போன சங்கத்துக்கு இது மருந்து. எங்களுக்கு நிலைமை இன்னும் அவ்வளவு முற்றவில்லை என்று நம்புகிறேன்.

ஐந்தாவது யோசனைதான் எனக்கு ரொம்ப நாளாக மனதில் இருப்பது. சங்கத்தின் துணைவிதியிலேயே நிரந்தரமாக ஒரு தேர்தல் குழுவை எழுதிவிடுவது. மூன்று பேர். நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது, குழுவில் இருக்கும்வரைக்கும் விலகி இரண்டு வருஷத்துக்கும் தேர்தலில் நிற்கக் கூடாது. மூவரும் ஒரே நேரத்தில் மாறாமல், வருஷத்துக்கு ஒருவராக மாற வேண்டும். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். வேலை தேர்தல் மாதத்தில் மட்டும் அல்ல, வருஷம் முழுவதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியலைத் திருத்தி மோட்டார் அறைச் சுவரில் ஒட்டுவது, ஆட்சேபணை வாங்குவது, சந்தா ரசீதுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பது. தலைவரோ செயலாளரோ அவர்களைப் பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது, பொதுக்குழுதான் மாற்ற முடியும். மாநில ஆணையருக்கு அரசியல் சட்டம் கொடுத்த பாதுகாப்பை எங்கள் அளவுக்குச் சுருக்கினால் இதுதான் வரும்.

இதற்கும் எதிர்ப்பேச்சு இருக்கிறது, அது லேசானது அல்ல. இந்த மூவரை யார் தேர்ந்தெடுப்பது? அதற்கு ஒரு தேர்தலா? அப்படியானால் முதல் சண்டை அங்கேயே தொடங்கிவிடாதா? ஜெயிக்கிற கோஷ்டி தன் ஆட்களை அந்த மூன்று நாற்காலியிலும் உட்கார வைத்துவிட்டால், போன முறையை விட மோசமாகப் போகும். அப்போது பட்டியல் தப்பு என்று சொல்லக்கூட இடம் இருக்காது. இதை எழுப்பியது எங்கள் தெரு வக்கீல் தம்பி. ஒரு வாரம் இதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கிடைத்த பதில் மிகப் பழையது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தியவை. அங்கே வாரியங்கள் என்ற நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் எடுத்தது குடவோலையில். தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, எல்லோரும் பார்க்க ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். தகுதி விதிகளும் எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. சமீபத்தில் வாரியத்தில் இருந்தவரும் உடனே வரக் கூடாது. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை. நிலம் உள்ள, வேதம் படித்த ஆண்களுக்கான சபை அது. அதை அப்படியே கொண்டாட என்னால் முடியாது. ஆனால் குலுக்கல் என்ற ஏற்பாடு எங்கள் வேலைக்கு அச்சாகப் பொருந்துகிறது. நிர்வாகம் நடத்த ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது திறமையைப் பார்க்க வேண்டும், அதனால் அங்கே ஓட்டு வேண்டும். பட்டியலைப் பராமரிக்க நேர்மையும் பொறுமையும் போதும். சம்மதிக்கிற உறுப்பினர்கள் இருபது பேர் பெயரைக் குடத்தில் போட்டு, பொதுக்குழுவில் ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னால், எந்தக் கோஷ்டியும் அந்த மூன்று நாற்காலியைப் பிடிக்க முடியாது.

இன்னொரு குறை, ஆள் சோர்ந்து போவது. ஊதியம் இல்லாத வேலை. முதல் ஆறு மாதம் உற்சாகமாகப் பட்டியல் ஒட்டுவார்கள், அப்புறம் பசை காய்ந்துவிடும். இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. வருஷத்துக்கு ஒருவர் மாறுவதால் புதுக் கை வந்துகொண்டே இருக்கும் என்று நம்புகிறேன், அவ்வளவுதான்.

இப்போது நான் எங்கே சாய்கிறேன் என்று சொல்கிறேன். ஐந்தாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் செய்ய வேண்டும். பட்டியலும் தேதியும் குலுக்கலில் வந்த நிரந்தரக் குழுவின் கையில். வேட்புமனு, ஓட்டுப்பதிவு, எண்ணிக்கை இந்த மூன்றும் வெளியாளின் கையில். பட்டியல் வைத்திருப்பவர் ஓட்டு எண்ணக் கூடாது, ஓட்டு எண்ணுபவர் பட்டியலில் கை வைக்கக் கூடாது. உள்ளாட்சித் தேர்தலில் இருக்கிற அதே பிரிவினை இது. கிராமத்துச் சாவடியில் என்னிடம் சண்டைக்கு வந்தவர்களிடம், "ஐயா, இந்தப் பட்டியலை நான் போடலை, எனக்கு இதிலே ஒரு பேரைச் சேர்க்கவோ அடிக்கவோ அதிகாரம் இல்லை" என்று நிம்மதியாகச் சொல்ல முடிந்தது. அந்த நிம்மதியைப் போன முறை உட்கார்ந்த இரண்டு பெரியவர்களுக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

பிரித்து வைப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. முதல் வேலை ஒருவர் கையிலும் அடுத்த வேலை இன்னொருவர் கையிலும் இருந்தால், முதல் ஆள் இழுத்தடித்து எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். தமிழ்நாட்டில் அதை நாம் அனுபவித்தோம். உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து வருஷம், அது முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. ஆனால் வார்டு வரையறையும் இட ஒதுக்கீடும் முடிந்தால்தான் ஆணையம் அறிவிக்கை வெளியிட முடியும். 2016இல் வந்த அறிவிக்கையை இட ஒதுக்கீட்டுக் குறைபாட்டுக்காக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் வார்டு வரையறை, வழக்கு, மறுபடி வழக்கு. எங்கள் மாவட்டத்தில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தோம். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் மதுரை மாநகராட்சியின் 100 வார்டுக்கும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம்தான். 2019இல் தேர்வான ஊராட்சிகளின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, மறுபடி தனி அலுவலர்களிடம் போனது. ஆணையரை யாரும் எளிதில் நீக்க முடியாது என்ற பாதுகாப்பு இருந்தும் தேதி அவர் கையில் இல்லை.

அதனால்தான் துணைவிதியில் தேதியையும் எழுதிவிட வேண்டும் என்கிறேன். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, ஆடி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, சித்திரைத் திருவிழா முடிந்திருக்கும், தீபாவளிக்கு நாள் இருக்கும், பள்ளிகள் திறந்து ஊருக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள். அந்தத் தேதிக்கு அறுபது நாள் முன்னால் சந்தா கெடு. நாற்பத்தைந்து நாள் முன்னால் வரைவுப் பட்டியல் சுவரில். முப்பது நாள் முன்னால் ஆட்சேபணை முடிவு. பட்டியல் குழு தூங்கிவிட்டால், கடைசியாக ஒட்டிய மூன்று மாதத் திருத்தப் பட்டியலை வைத்தே வெளியாள் தேர்தலை நடத்திவிடலாம் என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். இழுத்தடிப்பதால் யாருக்கும் லாபம் வராதபடி செய்வது அந்த ஒரு வரிதான்.

துணைவிதியை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், மாற்றியதைப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவும் வேண்டும். சாதாரணப் பெரும்பான்மையில் முடிகிற காரியம் அல்ல. அதனால் இரண்டு கோஷ்டியின் ஆதரவும் தேவை. இரண்டு பக்கமும் போன முறை பட்டவர்கள் என்பதால், இப்போது கேட்டால் கிடைக்கும். இன்னும் இரண்டு வருஷம் போனால் மறந்துவிடுவார்கள்.

பட்டியலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அதில் யார் இருக்க வேண்டும் என்று சொல்லாமல் விட முடியாது. வீட்டுக்கு ஓர் ஓட்டு என்பதில் எல்லோரும் ஒத்துப் போகிறார்கள். வாடகைக்கு இருப்பவர் விஷயத்தில் வாக்குவாதம் நடக்கிறது. சந்தா கட்டுகிறார் என்றால், வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதத்தோடு அந்த வீட்டின் ஓட்டை அவரே போடலாம் என்பது என் கருத்து. குடிதண்ணீர் வராத அன்று கஷ்டப்படுவது துபாயில் இருக்கும் வீட்டுக்காரர் அல்ல. காலி மனைக்கு ஓட்டு வேண்டாம், சந்தாவும் பாதியாக இருக்கட்டும். இவையெல்லாம் பேசித் தீர்க்கக் கூடியவை.

இதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. போன முறை விடுபட்ட முப்பது பெயர்களை எடுத்து ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தேன். அதில் பதினோரு வீடுகளில் கணவர் காலமாகியிருந்தார். வீட்டுப் பத்திரம் அவர் பெயரில், சங்க ரசீது அவர் பெயரில், சந்தா கட்டுவது மட்டும் அந்த அம்மா. இறந்தவர் பெயரை அடித்தவர்கள், அந்த இடத்தில் அவர் மனைவி பெயரை எழுதவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. அடிப்பது யாரோ ஒருவரின் வேலையாக இருந்தது, எழுதுவது யாருடைய வேலையாகவும் இல்லை. எங்கள் பின்தெருவில் ஓர் அக்கா, இருபத்திரண்டு வருஷ ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஓட்டு நாளன்று அந்த டப்பாவோடு வந்து நின்று, பெயர் இல்லை என்று சொன்னதும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். எதிர்சேவைக்குப் போகாமல் இதற்காக வந்திருந்தார்.

பொதுக்குழுவுக்கு முன்னால் ஒரு வேலையை நாங்கள் சிலர் தொடங்கிவிட்டோம். துணைவிதி மாறுகிறதோ இல்லையோ, ஒரு மாதிரிப் பட்டியலைத் தயாரித்து மோட்டார் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் ஒரு கயிற்றில் பேனா தொங்குகிறது. தப்பு இருந்தால் அவரவர் திருத்தலாம். முதல் வாரத்தில் பதினாறு திருத்தம் வந்திருக்கிறது. அதில் ஒன்று அந்த அக்காவின் கையெழுத்து. கணவர் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை முழுதாக, இனிஷியலோடு, கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருக்கிறார்.